பெயர் மாறிய பாயல், பசி தீராத வண்டு

குளத்தையும் காயலையும் மூடும் அந்நியக் களைகளிடம் இயந்திரங்களும் மருந்துகளும் தோற்றன. ஓர் ஆய்வு மாணவரின் விடாப்பிடியும் இரண்டு மில்லிமீட்டர் நீள வண்டும் அவற்றை வென்றன. ஆனால் அந்த வண்டு திருச்சூரிலிருந்து கட்னி போய்ச் சேர 36 வருடம் பிடித்தது.

நீரை மூடும் களைக்கு ஊருக்கு ஊர் ஓர் அந்நிய நாட்டின் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். கேரளத்தில் அது 'ஆப்பிரிக்கன் பாயல்'. அதே செடி மத்தியப் பிரதேசத்தின் பேதூல் மாவட்டத்தில் 'சைனீஸ் ஜாலர்'. ஆகாயத்தாமரையை வங்காளத்தில் ஒரு காலத்தில் 'ஜெர்மன் பானா' என்றார்கள். முதல் உலகப் போர்க் காலத்து வெறுப்பு அப்படி ஒட்டிக்கொண்டது. இலங்கையில் சிங்களவர்களுக்கு அது 'ஜப்பான் ஜபர'. ஆப்பிரிக்காவுக்கோ சீனாவுக்கோ ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ இதில் பங்கில்லை. இரண்டு செடிகளுமே தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அழகுக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் மனிதர்களே எடுத்துவந்து வளர்த்து, பிறகு கைநழுவ விட்டவை.

ஊர்மக்கள் தவறான பெயர் வைத்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. விஞ்ஞானிகள் தவறான பெயர் வைத்ததுதான் இருபது வருடத்தை விழுங்கியது.

ஆப்பிரிக்கன் பாயல் என்பது பூக்காத ஒரு நீர்ப்பெரணி. இலைகள் இரண்டிரண்டாக மேலே மிதக்கும். மூன்றாவது இலை வேர்போல நூல்நூலாகப் பிரிந்து நீருக்குள் தொங்கும். மேல் இலைகளை உருப்பெருக்கியில் பார்த்தால் தயிர் கடையும் மத்தைப்போன்ற நுண்ணிய ரோமங்கள் வரிசையாக நிற்கின்றன. காற்றைப் பிடித்துவைத்துச் செடியை மூழ்கவிடாமல் காப்பது இவைதான். இந்தச் செடி மலடு. அதன் வித்துகள் முளைப்பதில்லை. ஆனால் தண்டில் கணுவுக்குக் கணு மொட்டு இருக்கிறது. ஒரு துண்டு ஒடிந்தால் அது தனிச் செடி. வெப்பமும் சத்தும் இருந்தால் மூன்றே நாளில் இரட்டிப்பாகும். இன்று கால் குளம் என்றால் ஒரு வாரத்தில் முழுக் குளம். அதன்பின் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பாய்போலத் தடித்துக்கொண்டே போகும். கீழே வெளிச்சம் இல்லை, பிராணவாயு இல்லை, மீன் இல்லை. மேலே படகும் போகாது.

உலகம் இதைக் கவனித்தது கரீபாவில்தான். அன்றைய வடக்கு, தெற்கு ரொடீஷியாக்களின் எல்லையில் ஜாம்பேசி நதியின் குறுக்கே கட்டிய பிரம்மாண்ட அணையில் 1958 டிசம்பரில் நீர் தேங்க ஆரம்பித்தது. அடுத்த மே மாதமே இந்தச் செடி கண்ணில் பட்டது. 1962இல் ஏரியின் மேல் சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குப் பச்சைப் படுதா. புதிதாக மூழ்கிய காடுகளின் சத்தெல்லாம் நீரில் கரைந்திருந்தது. செடிக்கு அது கல்யாண விருந்து.

தாவரவியலாளர்கள் பார்த்துச் சொன்ன பெயர் 'சால்வினியா ஆரிகுலேட்டா'. தென் அமெரிக்காவில் பரவலாக உள்ள ஓர் இனம் அது. அப்படியானால் அதைத் தின்னும் பூச்சியையும் அங்கேயே தேடலாம் அல்லவா? 1960களில் தேடினார்கள். டிரினிடாட், கயானா பக்கம் ஆரிகுலேட்டாவின் மேல் மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெட்டுக்கிளி, ஓர் அந்துப்பூச்சி, ஒரு கூன்வண்டு ஆகிய மூன்றும் தேர்வாயின. ஆப்பிரிக்காவுக்கும் ஃபிஜிக்கும் இலங்கைக்கும் அவை அனுப்பப்பட்டன. வெட்டுக்கிளி 1970களில் கேரளத்துக்கும் வந்தது. எதுவும் பெரிதாகப் பலிக்கவில்லை. வந்த பூச்சிகள் கொஞ்சம் கடித்தன, கொஞ்சம் வாழ்ந்தன, பெரும்பாலும் செத்தன. உயிரியல் முறையில் களை ஒழிப்பதெல்லாம் புத்தகத்துக்குத்தான் சரி என்று பேசத் தொடங்கினார்கள்.

அந்தச் சமயத்தில் கரீபா ஏரிக்கரையில் டேவிட் மிட்செல் என்ற ஆய்வு மாணவர் செடியை அளந்துகொண்டிருந்தார். எத்தனை நாளில் எத்தனை இலை, எந்த வெப்பத்தில் எவ்வளவு எடை, கூட்டம் நெருங்கினால் இலை எப்படி மடங்குகிறது என்று பார்ப்பவருக்குக் கொட்டாவி வரக்கூடிய வேலை. 1970இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த பி.எச்.டி. ஆய்வேடு 669 பக்கம். அதன் தலைப்பிலும் செடியின் பெயர் ஆரிகுலேட்டாதான்.

ஆனால் ஒரு செடியை வருடக்கணக்காக உற்றுப் பார்த்தவருக்கு அதன் ஜாடை தெரிந்துவிடும். உலர்த்தி வைத்த மாதிரிகளோடு ஒப்பிட்டபோது கரீபாச் செடியின் வித்துப் பைகள் நீண்ட சரமாகத் தொங்கின. அவற்றினுள்ளே உருப்படியான வித்து இல்லை. ஆரிகுலேட்டா இப்படியில்லை. 1972இல் மிட்செல் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இது வேறு இனம், இதற்கு முன் யாரும் பெயரிடாதது என்று அதில் அறிவித்தார். வைத்த பெயர் சால்வினியா மொலெஸ்டா. லத்தீனில் தொல்லைக்காரி என்று பொருள். 669 பக்கத்தைவிட இந்த இரண்டு பக்கம்தான் உலகத்தின் போக்கை மாற்றியது.

ஏனென்றால் அதுவரை நடந்ததெல்லாம் தப்பான வீட்டின் கதவைத் தட்டிய கதை. பூச்சிகள் நுணுக்கமானவை. பக்கத்து இனத்தைத் தின்று வளர்ந்தது இந்த இனத்தில் செழிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மொலெஸ்டாவின் பிறந்த வீட்டையல்லவா கண்டுபிடிக்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த வெண்டி ஃபோர்னோ 1978இல் அதைத் தென்கிழக்கு பிரேசிலில் கண்டுபிடித்தார். அங்கே அது தொல்லைக்காரியே அல்ல. மற்றச் செடிகளுக்கிடையே அடக்க ஒடுக்கமாக இருந்தது. காரணம், அதன்மேல் ஒரு கறுப்புக் கூன்வண்டு. பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஏற்கெனவே டிரினிடாடிலிருந்து கொண்டுபோய்த் தோற்ற அதே வண்டுபோல இருந்தது. இருந்தாலும் எடுத்துவந்து, 1980இல் குவீன்ஸ்லாந்தின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். சுமார் 200 ஹெக்டேர் களை. ஓராண்டு கடந்து சில மாதங்களில் ஏரி வெறும் நீராகிவிட்டது. பெரிய வண்டு ஒன்றும் இல்லை. ஒரு கடுகின் அளவு.

வென்றது எப்படி என்பது பிறகுதான் புரிந்தது. பழைய வண்டின் புழு வெளியே மேயும். இதன் புழு தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போகும். வளர்ந்த வண்டு மொட்டைத் தின்னும். விதையில்லாத செடிக்கு மொட்டுதான் வம்சம். மொட்டும் போய்த் தண்டும் உளுத்தால் செடி பழுத்து, கறுத்து, மூழ்குகிறது. இந்த வண்டும் தனி இனம் என்று 1985இல் அறிவித்து, 'சிர்டோபேகஸ் சால்வினியே' என்று பெயரிட்டார்கள். அதாவது, முதலில் செடிக்குப் பெயர் தப்பு, பிறகு பூச்சிக்கும் பெயர் தப்பு. தன் பெயரே தெரியாத வண்டு ஐந்து வருடம் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு யுனெஸ்கோ தன் அறிவியல் பரிசை இந்த ஆஸ்திரேலியக் குழுவுக்கு வழங்கியது.

பரிசுக்குக் காரணம் ஆஸ்திரேலிய ஏரி மட்டுமல்ல. பாப்புவா நியூ கினியில் செபிக் ஆற்றங்கரைக் கிராமங்களுக்குச் சாலை கிடையாது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மீனுக்கும் சவ்வரிசி மாவுக்கும் தோணிதான். 1970களில் அங்கே புகுந்த களை சுமார் 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை அடைத்தது. பிழைக்க வழியின்றிச் சில கிராமங்கள் ஊரையே காலி செய்தன. வண்டைக் கொண்டுவந்து விட்டால் அது பெருக மறுத்தது. மூண்டாராவில் கோடிக்கணக்கில் பெருகிய அதே வண்டு!

பி.எம். ரூம், பி.ஏ. தாமஸ் ஆகிய இருவரும் செடியைப் பிடுங்கிச் சோதித்தார்கள். அதில் நைட்ரஜன் குறைவு. சத்தில்லாத சோற்றைத் தின்ற வண்டு முட்டையிடவில்லை. அவர்கள் செய்த காரியம் எந்த விவசாயியையும் திடுக்கிட வைக்கும். களைக்கு யூரியா போட்டார்கள். ஓரிடத்தில் வேலி கட்டி, உரமிட்டு, களையைக் கொழுக்க வைத்தார்கள். வண்டு தின்றது, பெருகியது, வேலியைத் தாண்டியது. வண்டுகள் கூட்டமாகக் கடித்ததில் செடி புதுத் துளிர் விட்டது. துளிரில் நைட்ரஜன் அதிகம். அதன்பின் யூரியாவே தேவைப்படவில்லை. சில வருடங்களில் 250 சதுர கிலோமீட்டர் இரண்டாகச் சுருங்கியது. ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

இந்தியாவுக்கு வண்டு 1982இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பெங்களூர் வந்தது. கேரளத்தின் நிலைமை அப்போது மோசம். 1950களில் திருவனந்தபுரம் வேளிக் காயலில் காணப்பட்ட பாயல், அடுத்த பத்து வருடத்தில் குட்டநாட்டின் வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் வந்துவிட்டது. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் பூமி அது. கோடையில் காயலுக்குள் ஏறும் உப்புநீர் இந்தச் செடிக்கு ஆகாது. ஆனால் நெல்லைக் காக்க 1970களில் தண்ணீர்முக்கத்தில் கட்டிய தடுப்பணை உப்பைத் தடுத்தது. நெல்லுக்குக் கிடைத்த பாதுகாப்பு களைக்கும் கிடைத்தது. நடவுக்கு முன் வயலிலிருந்து பாயலை வாரிக் கரையேற்ற ஹெக்டேருக்கு 235 ரூபாய் செலவு. அந்தக் காலத்து ரூபாய்! பல வாய்க்கால்களில் படகுப் போக்குவரத்து நின்றே போனது.

பெங்களூரில் எஸ்.பி. ஜெயந்த் வண்டை ஓர் அல்லிக்குளத்தில் விட்டுப் பார்த்தார். ஒரு வருடத்துக்குள் பாயல் போயிற்று. அதுவரை அமுங்கிக் கிடந்த அல்லி மறுபடி தலைதூக்கியது. திருச்சூர் அருகே வெள்ளானிக்கரையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.ஜே. ஜாயும் சகாக்களும் 1983 முதல் வண்டுகளைப் பெருக்கி ஊர் ஊராக விட்டார்கள். மூன்று வருடத்தில் கைவிடப்பட்ட வாய்க்கால்களில் படகு ஓடியது. 1988 வாக்கில் குட்டநாட்டில் கூலி மிச்சம் மட்டும் வருடத்துக்கு 68 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள்.

இலங்கைக் கணக்கு இன்னும் சுவாரசியம். 1939இல் கொழும்பின் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பாடத்துக்காகக் கொண்டுவந்த செடி அங்கே வயல்வெளியெங்கும் பரவியிருந்தது. 1986இல் வண்டு விடப்பட்டது. பிறகு வந்த ஒரு பொருளாதார மதிப்பீட்டின்படி செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் திரும்பியது 53 ரூபாய். மனித உழைப்பில் கணக்கிட்டால், ஒரு மணி நேரத்துக்கு 1,673 மணி நேரம் மிச்சம். எந்தப் பங்குச் சந்தையிலும் கிடைக்காத லாபம்.

இவ்வளவு மலிவான மருந்து கையில் இருந்தும் நாடு முழுவதும் ஏன் போகவில்லை?

பதில் வண்டில் இல்லை, வண்டை வளர்ப்பவரிடம் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறைக்கு வரும் ஆய்வு மாணவரின் வாழ்க்கை பிளாஸ்டிக் தொட்டிகளைச் சுற்றியே நடக்கிறது. தொட்டிகளில் செடி வளர வேண்டும். செடி வளர்ந்தால் வண்டு வளர வேண்டும். தொட்டிக்கு இத்தனை வண்டு என்று எண்ணி விட்டு, வாரக்கடைசியிலும் திருவோணத்தன்றும் வந்து நீர் ஊற்றி, செடியை வெளியே எடுத்து நீர் வடித்து எடை போட வேண்டும். செடிக்குள் ஒளிந்திருக்கும் வண்டை எண்ணுவது தனி வித்தை. செடியைப் புனலில் வைத்து மேலிருந்து விளக்கால் சூடேற்றினால், சூடு பொறுக்காமல் வண்டுகள் கீழே இருக்கும் பாத்திரத்தில் ஒவ்வொன்றாக விழும். ராத்திரி பத்து மணிக்கு அதை எண்ணுவதற்கு உதவித்தொகை தருகிறார்கள். சில மாதம் தாமதமாகத்தான் என்றாலும்.

அதற்கும் முன்னால் இன்னொரு வேலை. களையைத் தின்ன வரும் பூச்சி நாளைக்கு நெல்லைத் தின்னாது என்று நிரூபிக்க வேண்டும். இந்த வண்டுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட தாவரங்களை ஒவ்வொன்றாக இலைபோட்டுப் பரிமாறிப் பார்த்தார்கள். பட்டினி கிடந்து செத்ததே தவிர மற்றவற்றில் அது குடும்பம் நடத்தவில்லை. இந்தச் சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு பெங்களூரிலேயே சாட்சி உண்டு. பார்த்தீனியத்தை ஒழிக்க 1984இல் விடப்பட்ட மெக்சிகோ வண்டு 1990களின் தொடக்கத்தில் சூரியகாந்தி வயலில் காணப்பட்டபோது எழுந்த கூச்சலில் விசாரணைக் குழு போட்டார்கள். புதிதாக வண்டு விடுவது பல வருடம் நின்றது. சூரியகாந்தி இலைமேல் விழுந்த பார்த்தீனிய மகரந்தத்தால் கவரப்பட்டுத்தான் அது இலையைக் கடித்தது என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. அதற்குள் ஒரு தலைமுறை அதிகாரிகளுக்கு வண்டு என்றாலே கிலி பிடித்திருந்தது.

மத்தியப் பிரதேசத்துக்கு வண்டு போன கதையை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பேதூல் மாவட்டம் சாரணியில் அனல் மின் நிலையத்துக்கு நீர் தரும் சத்புரா நீர்த்தேக்கம் 2018 வாக்கில் பச்சையாகிவிட்டது. கட்னி மாவட்டத்தில் 20 ஹெக்டேர் கிராமக் குளம் ஒன்றும் அதே கதி. மீன்பிடிப்பவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்ககத்தின் சுஷில் குமார் கேரளத்திலிருந்து வண்டுகளை வரவழைத்துப் பெருக்கினார். 2019 டிசம்பரில் கட்னிக் குளத்தில் விடப்பட்டன. கேரளத்து வெக்கைக்குப் பழகிய பூச்சிக்கு மத்திய இந்தியாவின் மார்கழிக் குளிர். ஆனாலும் தாங்கியது. நடுவில் கொரோனா ஊரடங்கு வந்தது. வண்டுகளுக்கு ஊரடங்கு இல்லையே. பதினெட்டு மாதத்தில் குளம் தெளிந்தது. சாரணியிலும் வண்டுகள் விடப்பட்டன.

பதினெட்டு மாதம் என்பதுதான் சிக்கல். கலெக்டர் மாறிவிடுவார், ஒப்பந்தக்காரர் காத்திருக்க மாட்டார், நிதியாண்டு மார்ச்சில் முடிந்துவிடும். ஏரியில் இயந்திரம் இறங்கி அள்ளிக் கரையில் குவிப்பதைப் புகைப்படம் எடுக்கலாம். வண்டு தின்பதை எடுக்க முடியாது. வண்டு விட்ட ஏரியிலேயே அடுத்த மாதம் இயந்திரத்தை இறக்கினால், களையோடு வண்டும் கரையேறிக் காய்ந்துபோகும். மிச்சமிருக்கும் துண்டுகள் வண்டில்லாத நிம்மதியில் தழைக்கும். இந்த இரண்டையும் ஒரே ஏரியில் செய்வது, ஒரு கையால் கோழி வளர்த்து இன்னொரு கையால் குழம்பு வைப்பதுபோல.

ஆகாயத்தாமரையிடம் இந்தியா இன்னும் நீண்ட காலமாகத் தோற்று வருகிறது. 1936இல் வங்காள அரசு அதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அடுத்த வருடத் தேர்தலில் கட்சிகள் அதை ஒழிப்பதாக வாக்குறுதி அளித்தன. செடிக்கு இரண்டும் உறைக்கவில்லை. அதற்கும் நியோசெட்டினா என்ற கூன்வண்டுகள் 1980களில் பெங்களூருக்கு வந்து, சில ஏரிகளில் நல்ல பலனும் தந்தன. ஆனால் ஆகாயத்தாமரை மலடல்ல. அதன் விதை சேற்றில் பல வருடம் உறங்கும். அதோடு நகரத்துச் சாக்கடை ஏரிக்குள் வரும்வரை செடிக்கு தினமும் விருந்துதான். செபிக்கில் வண்டுக்கு உதவிய நைட்ரஜன் இங்கே அளவு மீறிப்போய்ச் செடிக்கு உதவுகிறது. வண்டு ஓர் இலையைக் கடிப்பதற்குள் இரண்டு இலை வருகிறது. சாக்கடையைத் தடுக்காமல் வண்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

இதற்கிடையில் புதிய விருந்தாளிகளும் வந்துகொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மீன்தொட்டி வியாபாரத்தின் வழியாக. 2020 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே ஆவளப்பாண்டியில் ஓர் ஓடை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்தது. படங்கள் செல்போன்களில் பறந்தன. குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொண்டு, போகும்போது வீட்டுக்குளத்துக்கென்று ஒரு கொத்தும் பிடுங்கிப் போனார்கள். கபோம்பா ஃபர்கேட்டா என்ற அந்தச் செடியும் தென் அமெரிக்காவின் வாரிசுதான். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் முள்ளன் பாயல். மேலே மிதக்கும் பாயலையாவது வாரலாம். இது நீருக்குள்ளேயே வேர்விட்டு அடைத்துக்கொள்கிறது. துண்டு துண்டாக ஒடிந்து வாய்க்கால் வழியே அடுத்த ஊருக்குப் போகிறது.

கபோம்பாவுக்கும் ஒரு வண்டு உண்டு. அர்ஜென்டினாவில் கண்டெடுத்த கூன்வண்டை நீண்ட சோதனைக்குப் பிறகு 2023இல் குவீன்ஸ்லாந்தில் விட்டார்கள். ஆனால் அங்கே ஏரிகளை அடைத்திருப்பது கபோம்பா கரோலினியானா. கோழிக்கோட்டில் இருப்பது ஃபர்கேட்டா. ஆரிகுலேட்டா, மொலெஸ்டா கதை தெரிந்த எவரும் அந்த வண்டை அப்படியே விமானத்தில் ஏற்றச் சொல்ல மாட்டார்கள். முதலில் தொட்டிகள் வாங்க வேண்டும். செடியை வளர்க்க வேண்டும். தென் அமெரிக்காவின் எந்த ஓடையிலிருந்து இது புறப்பட்டது, அங்கே இதை யார் தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நெல்லும் அல்லியும் தாமரையும் உட்பட ஒவ்வோர் இலையாகப் பரிமாறிப் பார்க்க வேண்டும். ஒரு பி.எச்.டி.க்குத் தாராளமாகப் போதும், இரண்டுக்கும் போதும்.